நீல வர்ணமும் நெல்லிக்கனியும்

தகடூர் என்று பண்டைக் காலத்தில் பெயர் பெற்றிருந்த நம் தருமபுரிச் சீமைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஆயுளை வளர்க்கும் கனி ஒன்று கையில் கிடைத்தும், அதைத் தான் உண்ணாமல் ஒரு புலவருக்குக் கொடுத்த மன்னன் ஆண்ட ஊர் இது. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றை நாம் வகுப்பில் சொல்லும்போதெல்லாம், கடைசிப் பெஞ்சியிலிருந்து யாராவது ஒரு பையன் எழுந்து, "அந்த நெல்லி மரம் இப்போது எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்பது வழக்கம். இருபது வருஷமாக உபாத்தியாயர் தொழில் செய்தும், அதற்குச் சரியான பதில் நமக்கு இன்னும் அகப்படவில்லை.

மரம் அகப்படாவிட்டால் என்ன? கனியை விற்பவர்களுக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் அவர்கள் சந்தை முனையில் பாம்பையும் கீரியையும் வைத்துக்கொண்டு கூட்டம் சேர்ப்பார்கள். இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். கழுத்தில் டை கட்டியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் காட்டுகிறார்கள். கனியின் பெயரும் மாறிவிட்டது. அதற்கு இப்போது "நீலப்பச்சைப் பாசி" என்று பெயர்.

இந்தப் பாசியைப் பற்றி நாம் விசாரிக்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மயங்கி விழுந்த மாணவி

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பள்ளியில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்ற நிலையிலேயே சாய்ந்துவிட்டாள். முகத்தில் நீர் தெளித்து, நிழலில் படுக்க வைத்து, தாயாருக்குச் சொல்லியனுப்பினோம். பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பென்பதே இல்லை. வெளுத்த காகிதம் போலிருந்தது.

தாயார் காட்டு வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். "பாப்பாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கலீங்க ஐயா. மூணு மாசமா பாசி மாத்திரை கொடுத்துட்டு வரேன். ஒரு டப்பா ஆயிரத்து இருநூறு ரூபாய். வெள்ளாட்டை வித்துத்தான் வாங்கினேன்" என்றார்.

"அப்படியானால் பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கிறோமே, அந்த மாத்திரை?"

"அது சும்மா கொடுக்கறதுதானுங்களே! வயித்தைப் பெரட்டுதுன்னு பாப்பா சொல்லிச்சு. பாசி விக்கிற தம்பியும், 'இது இருக்கறப்போ அது எதுக்குக்கா?' ன்னு சொன்னாப்பல. நிறுத்திப்போட்டோம்."

அந்தப் பெண் வாரந்தோறும் நம் கையிலிருந்தே மாத்திரையை வாங்கியிருக்கிறாள்; வாயில் போடாமல் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள். அதைக் கவனியாதது நம்முடைய குற்றமே அன்றி வேறில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். அவ்வயதுப் பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 7.8 தான் இருந்தது.

தாயார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த விளம்பரத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தோம். பாசியிலுள்ள "அதிசய நீல வர்ணம்" இரத்தத்தை ஊறவைக்கும், ஈரலைக் காக்கும், மூட்டு வலியைப் போக்கும், சர்க்கரையை அடக்கும். நம் ஜில்லாவில் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு காரணமாகப் பிள்ளைகளுக்குப் பல்லில் விழும் பழுப்புக் கறையைக்கூட அது அகற்றிவிடுமாம்! பல் முளைக்குமுன்பே, அது ஈறுக்குள் உருவாகும் காலத்திலேயே படிந்துவிடும் கறை அது. அதை உள்ளே சாப்பிடும் எந்த மாத்திரையாலும் போக்க முடியாது. நல்ல தண்ணீர் கொடுத்துக் கறை வராமல் தடுப்பதே வழி. அதற்காகத்தான் 2013-ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப் பெற்றது.

அந்த ஒரு வாசகம் பொய்யென்பது நமக்குத் தெரியும். மற்றவையும் பொய்தானா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புரட்டு என்று ஒதுக்கிவிடுவதும் படித்தவர்க்கு அழகல்ல. ஆகவே விசாரிக்கத் தொடங்கினோம்.

பாசியல்லாத பாசி

நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொன்னாலும், சாஸ்திர ரீதியாக அது பாசியே அல்ல. பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்தது. சயனோபாக்டீரியா என்பது அதன் பெயர். ஆனால் மற்றப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செய்யாத ஒரு காரியத்தை இது செய்கிறது. செடி கொடிகளைப் போலவே சூரிய வெளிச்சத்தைக்கொண்டு உணவு சமைத்துக்கொண்டு, பிராணவாயுவை வெளியே விடுகிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் ஆகாயத்தில் பிராணவாயு நிரம்பத் தொடங்கியது இந்தச் சிற்றுயிர்களாலேயே. நாம் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் இவற்றிற்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

மழைக்குப் பிறகு கட்டாந்தரையில் வழுவழுவென்று படர்வதும், நெல் வயலில் மிதப்பதும் பெரும்பாலும் இந்த இனந்தான். வயலிலே இது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உரமாக்குகிறது என்பதை 1939-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியவர் பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி. சென்னை ஸர்வகலாசாலையில் எம். ஓ. பி. ஐயங்கார் பாசி ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்டார். அவருடைய மாணவரான டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட "சயனோஃபைட்டா" என்னும் பெரு நூல், உலகெங்கும் இத்துறையினர் கையாளும் ஆதார நூலாயிற்று. இவற்றின் கடல்வாழ் இனங்களைச் சேகரித்து வளர்த்து ஆராய்வதற்கென்றே 1991-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஒரு தேசிய நிலையம் நிறுவப்பட்டது. ஆகவே, இந்த விஷயம் அந்நிய நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. தமிழ்நாட்டார் நெடுங்காலமாகப் பேர் பெற்றிருக்கும் துறை இது.

மாத்திரையாக வருவது இவற்றில் ஸ்பைருலினா என்னும் ஓர் இனம். தமிழில் சுருள்பாசி என்கிறார்கள். பூதக் கண்ணாடியில் பார்த்தால் பேனா ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். நல்ல வெயிலும், காரம் மிகுந்த தண்ணீரும் இதற்கு உகந்தவை. ஆப்பிரிக்காவில் சாடு ஏரிக்கரை மக்கள் இதை வடித்தெடுத்து, வெயிலில் காயவைத்து வில்லைகளாக்கிக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவது பழைய வழக்கம். உலர்ந்த பாசியின் எடையில் பாதிக்கு மேல் புரதம். விளம்பரம் செய்பவர்கள் சொல்வதில் இது மெய்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? அரைக் கிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 0.3 கிராம் புரதம் இருக்கும். ஒரு கோழி முட்டையில் 6 கிராம். இருபது மாத்திரை விழுங்கினால் ஒரு முட்டைக்குச் சமம்! அந்த முட்டையைச் சத்துணவுக் கூடத்தில் பள்ளி நாள்தோறும் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

வகுப்பறையில் ஒரு பரீட்சை

இருக்கட்டும், புரதத்தைவிட வர்ணத்தையல்லவா அவர்கள் பெரிதாகச் சொல்லுகிறார்கள்? அந்த வர்ணத்தை நேரிலேயே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். அந்தப் பெண்ணின் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளில் பத்தை வாங்கிப் பொடித்து, ஒரு தம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து, நம் வீட்டுக் குளிர்பெட்டியில் பனிக்கட்டியாகும்படி உறையவைத்தோம். பிறகு எடுத்து உருகவிட்டோம். மறுபடி உறையவைத்து, மறுபடி உருகவிட்டோம். நீர் உறையும்போது எழும் பனி ஊசிகள் பாசியின் அணுச்சுவர்களைக் கிழித்துவிடும். உள்ளே அடைபட்ட வர்ணம் வெளியே வந்துவிடும்.

மறுநாள் வகுப்பில் அதை வடிதாளில் வடித்தபோது, கரும்பச்சைக் குழம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய நீர் என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள்? நல்ல நீலம்! "சொட்டு நீலம் மாதிரியே இருக்குதுங்க ஐயா!" என்று பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். இதற்குத்தான் ஃபைகோசயனின் என்று பெயர். கிரேக்க மொழியில் பாசி நீலம் என்று பொருள். வெயில் படும்படி தம்ளரை வைத்துப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், நீலத்தின் ஊடே செந்நிறம் மினுக்குகிறது. ஆரஞ்சு நிற ஒளியை விழுங்கிச் சிவப்பு ஒளியாகத் திருப்பி விடுவது அதன் இயல்பு.

பிறகு நீலத்தை மூன்று பங்காக்கினோம். ஒன்றை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டோம். நிறம் மங்கி அழுக்கு நீராயிற்று. மற்றொன்றில் எலுமிச்சம் பழம் பிழிந்தோம். நீலம் திரிந்து அடியில் படிந்தது. மூன்றாவதை ஜன்னலில் வெயில் படும்படி வைத்தோம். நாளுக்கு நாள் வெளுத்துப் போயிற்று. "சூடு ஆகாது, புளிப்பு ஆகாது, வெயிலும் ஆகாது. ரொம்பச் செல்லப் பிள்ளைங்க ஐயா இது!" என்றான் ஒரு பையன். அவன் சொன்னது சரி. இந்த நீலம் ஒரு புரதம். முட்டை வெள்ளை சூட்டில் இறுகிவிடுவது போல, இதுவும் ஏறக்குறைய 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நிலை குலையத் தொடங்குகிறது.

வடிதாளில் தங்கிய மண்டியை நாங்கள் எறிந்துவிடவில்லை. அதை உலர்த்தி, பள்ளி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த அசிட்டோனில் ஊறவைத்தோம். இப்போது பச்சை நிறம் இறங்கியது. அந்தப் பச்சையில் ஒரு சொட்டை நீளமான வடிதாள் துண்டின் அடியில் வைத்து, பெட்ரோலிய ஈதரில் சிறிது அசிட்டோன் கலந்து நுனி மட்டும் நனையும்படி நிறுத்தினோம். திரவம் தாளில் மெல்ல ஏற ஏறப் பச்சை ஒரு பட்டையாகப் பின்தங்கிற்று. அதற்கும் மேலே, எல்லாவற்றையும் முந்திக்கொண்டு, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு மெல்லிய கோடு ஏறி நின்றது. யாரும் அதை அதிகமாகக் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் நீலத் தம்ளரின் மீதே இருந்தது. நேயர்கள் மட்டும் அந்த ஆரஞ்சுக் கோட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சிசாலையில் நடப்பது

நாம் ஒரு தம்ளரில் செய்ததைத்தான் பெரிய ஆராய்ச்சிசாலைகளிலும் செய்கிறார்கள். ஆனால் அங்கே வேலை நம்முடையதைப்போல் ஒரு நாளில் முடிந்துவிடாது. வெறும் தண்ணீருக்குப் பதிலாக அமிலமும் காரமும் சமநிலையிலுள்ள பாஸ்பேட் கரைசலில் பாசியை ஊறவைக்கிறார்கள். தயிர் கடைவதைக் காட்டிலும் பல மடங்கு வேகத்தில் சுழலும் யந்திரத்திலிட்டு மண்டியைப் பிரிக்கிறார்கள். பிறகு நம் குடியானவர்கள் வயலுக்குப் போடும் உரமாகிய அம்மோனியம் சல்பேட்டைக் கலந்து நீலப் புரதத்தை மட்டும் திரளச் செய்கிறார்கள். அந்த உப்பைச் சவ்வுப் பையில் ஊறவைத்து நீக்கி, கடைசியில் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே வடிக்கிறார்கள்.

எவ்வளவு சுத்தமாயிற்று என்பதற்குக் கண்ணளவு போதாது. ஒளியளவைக் கருவி வேண்டும். 620 நானோமீட்டர் ஒளியை நீலம் எவ்வளவு விழுங்குகிறது, 280 நானோமீட்டர் ஒளியை எல்லாப் புரதங்களும் சேர்ந்து எவ்வளவு விழுங்குகின்றன என்று பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுக்கிறார்கள். ஈவு 0.7 ஆனால் உணவுக்கு நிறமூட்டலாம். 3.9 ஆனால் பரிசோதனைக்கு ஆகும். 4-க்கு மேற்பட்டால் நுண்ணிய ஆராய்ச்சிக்கு உகந்தது. மாத்திரையிலிருப்பதோ வடிக்காத, பிரிக்காத முழுப் பாசி. "சுத்தமான நீலத்தில் இன்ன குணம் கண்டார்கள்" என்ற செய்தியை எடுத்து, முழுப் பாசியின் மேல் ஒட்டி விற்பது முதல் புரட்டு.

எலியும் மனிதனும்

வர்ணத்தைப் பிரித்தபின் அதன் குணத்தைச் சோதிக்கிறார்கள். அது நாலு படி உள்ள ஏணி என்று சொல்லலாம். முதற்படி சோதனைக் குழாய். ஊதா நிறமுள்ள ஒரு ரசாயனத்தில் இந்த வர்ணத்தைக் கலந்தால் ஊதா வெளுக்கிறது. உடலுக்குத் தீங்கு செய்யும் கட்டற்ற அணுக்கூறுகளை இது அடக்கவல்லது என்பதற்கு அது ஓர் அறிகுறி. ஆனால் நம் வீட்டுத் தேநீரும் நெல்லிக்காய்ச் சாறும் அந்த ஊதாவை வெளுக்கச் செய்யும். இரண்டாம் படி, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்கள். மூன்றாம் படி எலி. நான்காவதுதான் மனிதன்.

நம் நாட்டு விஞ்ஞானிகள் இந்த ஏணியில் உழைத்திருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார், ஈரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சை எலிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஃபைகோசயனினைச் செலுத்திப் பார்த்தார்கள். ஈரலின் சேதம் வெகுவாகக் குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தார், வீக்கத்துக்கும் வலிக்கும் காரணமாகும் ஒரு நொதியை இந்த வர்ணம் தடுக்கிறதென்று கண்டார்கள். இரண்டும் மெய்யான ஆராய்ச்சிகள். நாம் பெருமை கொள்ளத் தக்கவை.

"ஈரலைக் காக்கும்" என்று விளம்பரத் தாளில் கண்டது இங்கிருந்து கிளம்பியதுதான். ஆனால் பெங்களூரில் அந்த எலிகளுக்குச் செலுத்தியது எவ்வளவு தெரியுமா? எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதுவும் வாய்வழியாக அன்று, வயிற்றறைக்குள் ஊசி மூலம்! எலியின் அளவை மனிதனுக்கு அப்படியே பெருக்குவது மருந்து நூலாரின் முறையல்ல. ஆயினும் ஒரு மதிப்புக்காகப் பார்ப்போம். 40 கிலோ எடையுள்ள நம் மாணவிக்கு அந்தக் கணக்கில் 8 கிராம் சுத்த வர்ணம் வேண்டும். உலர்ந்த பாசியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வர்ணம் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிராம் மாத்திரைகள் நூற்றுக்கு மேல் ஆகும். அவற்றை விழுங்கினாலும், புரதமாகிய அந்த வர்ணம் இரைப்பைப் புளிப்பில் அகப்பட்டுச் சிதைந்துவிடும். எலுமிச்சம் பழச் சாற்றுக்கே தாங்காததை நாம் கண்ணால் பார்த்தோமல்லவா? சிதைந்த துண்டுகளிலும் குணம் இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். ஆராயட்டும். ஆனால் ஆராய்கிறார்கள் என்பதற்கும் நிரூபித்துவிட்டார்கள் என்பதற்கும் உள்ள தூரம், தருமபுரிக்கும் தலைநகருக்கும் உள்ள தூரம்.

மனிதர்களிடத்தில் நடந்த பரீட்சைகள் பெரும்பாலும் முழு ஸ்பைருலினாவைக் கொண்டு, சிலரை மட்டும் வைத்து நடந்தவை. இரத்தக் கொழுப்பு ஓரளவு குறைவதாகச் சிலவற்றில் கண்டார்கள். சுத்த நீல வர்ணத்தை மனிதருக்குக் கொடுத்துச் செய்த பரீட்சைகள் மிகச் சொற்பம். அதை ஒரு நோய்க்கு மருந்தென்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. இன்று அது நிச்சயமாகப் பயன்படுவது நிறமூட்டுவதற்கே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-ஆம் ஆண்டில் மிட்டாயிலும் மெல்லும் பசையிலும் ஸ்பைருலினாச் சாற்றை நிறத்துக்காகச் சேர்க்க அனுமதி தந்தது.

ஆரஞ்சுக் கோடு

இப்போது தாளில் ஏறி நின்ற அந்த ஆரஞ்சுக் கோட்டுக்கு வருவோம். அது பீட்டா கரோட்டீன். காரட், பப்பாளி, முருங்கைக் கீரை எல்லாவற்றிலும் உள்ளதே. நம் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். கண்ணின் வெள்ளையில் நுரை போன்ற புள்ளிகள் தோன்றும். முற்றினால் பார்வையே போய்விடும்.

பாசியிலுள்ள கரோட்டீன் குழந்தைகளின் உடலில் உண்மையாகவே சேர்கிறதா என்று ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிலையத்தார் சோதித்து, சேர்கிறதென்று 1991-இல் வெளியிட்டார்கள். நம் மாகாணத்திலோ, ஸி. வி. சேஷாத்திரியின் தலைமையில் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம், கிராமத்துப் பெண்களே சிறு தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கும் முறையை வகுத்தது. புதுக்கோட்டைப் பக்கத்தில் சுமார் 5,000 சிறு குழந்தைகளைக் கொண்ட பெரும் பரீட்சை நடந்தது. நாள்தோறும் ஒரு கிராம் பாசி கொடுத்துவர, கண்ணிலுள்ள புள்ளிகள் குறைந்தன. 1993-இல் அதன் அறிக்கை வெளியாயிற்று.

நேயர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பாசியின் வர்ணங்களுள் குழந்தைகளின் உடலில் சேர்வதாக நம் நாட்டில் நேரே கண்டறிந்தது ஆரஞ்சு. விளம்பரத்தில் ஏறியது நீலம்! ஆரஞ்சைப் பெரிதாக்கினால் வியாபாரம் நடக்குமா? கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் இருந்தால் அது காசில்லாமல் கிடைத்துவிடுமே!

ஜாக்கிரதை வேண்டிய இடங்கள்

இரத்தத்தை ஊறவைக்கும் என்ற வாக்கியம் மிச்சமிருக்கிறது. உணவுப் பட்டியல்களில் கண்டபடி ஒரு கிராம் ஸ்பைருலினாவில் சுமார் 0.3 மில்லிகிராம் இரும்புச் சத்து உண்டு. தினம் ஒரு கிராம் வீதம் வாரத்துக்கு 2 மில்லிகிராம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரை ஒன்றில் இருப்பது 60 மில்லிகிராம். கூடவே ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆட்டை விற்று வாங்கியதைப்போல முப்பது மடங்கு இரும்பை, அந்தப் பெண் பாவாடை மடிப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள். இதில் இன்னொரு வேடிக்கை: பெரிய பிள்ளைகளுக்கென்று வரும் அந்தச் சர்க்கார் மாத்திரையின் மேல்பூச்சும் நீல நிறந்தான்!

மரக்கறி உணவே உண்ணும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பாசியில் பி 12 வைட்டமின் ஏராளம் என்று சொல்லி விற்கிறார்கள். அதிலிருப்பது பெரும்பாலும் பி 12-ஐப் போன்ற போலிப் பொருள். மனித உடம்புக்கு அது பயன்படாது. அதை நம்பியிருந்தால் நரம்புகளுக்கு ஊறு நேரலாம்.

நீலப்பச்சைப் பாசி நல்லதென்று கேள்விப்பட்டுக் குட்டையிலிருந்து யாரும் அள்ளிவிடவும் கூடாது. இந்த இனத்தில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குபவை. தண்ணீர் தேங்கும் காலங்களில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியில் பச்சைப் படலம் படர்ந்து துர்நாற்றம் வீசுவதைக் கரையோரத்தார் அறிவார்கள். அத்தகைய நீரில் மாடுகளைக்கூட விடாமலிருப்பது நல்லது. ஸ்பைருலினாவையும் சுத்தமான தொட்டியில் வளர்த்து, உலோக நஞ்சுகள் இல்லையென்று சோதித்த பிறகே உண்ணலாம்.

அவுரியின் பாடம்

இவ்வளவு சொன்னதனால், வர்ண ஆராய்ச்சியே வீண் என்று நாம் சொல்வதாக யாரும் கருதவேண்டாம். நீலத்தின் சரித்திரம் நம் தேசத்தாருக்குத் தெரியாததல்ல. அவுரிச் செடியிலிருந்து நீலமெடுத்து உலகுக்கு விற்ற நாடு இது. அதே அவுரிக்காகச் சம்பாரண் குடியானவர்கள் பட்ட துயரந்தான் 1917-ஆம் ஆண்டில் மகாத்மாவை அங்கே அழைத்தது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1897-இல், ஜெர்மானியர் ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து அவுரி வியாபாரத்தை வீழ்த்தத் தொடங்கிவிட்டார்கள். இன்று சக்கரம் மறுபடி சுழல்கிறது. உணவில் ரசாயன நிறங்கள் வேண்டாமென்று உலகம் இயற்கை நிறங்களைத் தேடுகிறது. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க நிர்வாகம் மற்றொரு பாசியின் நீலத்துக்கு அனுமதி கொடுத்தது. நம் வேலியில் படரும் சங்குப்பூவின் நீலத்தையும் இன்னும் பல பண்டங்களில் சேர்க்க இடமளித்தது.

நல்ல வெயிலுள்ள நாடு நம்முடையது. பாசி நூலில் தேர்ந்த பரம்பரையும் நமக்குண்டு. நீலத் தம்ளரைக் கண்டு ஆரவாரித்த பிள்ளைகளில் இரண்டு பேராவது நாளைக்கு அந்த ஏணியில் ஏறி, மூன்றாம் படியில் நிற்கும் வர்ணத்தை நான்காம் படிக்குக் கொண்டுபோக வேண்டும். அல்லது, அது அங்கே ஏறாது என்று நேர்மையோடு நிரூபிக்க வேண்டும். இரண்டும் தேச சேவையே. அதுவரையில் தாய்மார்கள் வாங்குமுன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இதை யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தம்பி? குழாய்க்கா, எலிக்கா, மனிதருக்கா?"

நம் மாணவியின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். வைத்தியர் முதலில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பிறகு தினசரி உட்கொள்ள இரும்பு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் போடாமல் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னதில் வயிற்றுப் பிரட்டல் நின்றது. மாத்திரையையொட்டித் தேநீர் குடிக்கக் கூடாது, அது இரும்பைச் சேரவிடாது என்றும் சொன்னார். பொங்கலுக்குள் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது. இப்போது வாரந்தோறும் மாத்திரை கொடுக்கும் நாளில், ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீர் குடித்து வாயைத் திறந்து காட்டுகிற வரையில் நாம் அங்கேயே நிற்கிறோம்.

சென்ற வாரம் அந்தத் தாயார் ஒரு மஞ்சள் பை நிறைய நெல்லிக்காய் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "மாத்திரையோட இதையும் சாப்பிட்டா இரும்பு நல்லா ஒட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் கொடுங்க ஐயா" என்றார். நெல்லியிலுள்ள வைட்டமின் ஸி, இரும்பு உடலில் சேரத் துணை செய்வது உண்மையே. வகுப்பில் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டோம். கடைசிப் பெஞ்சிப் பையன் கேட்பதற்குள், அந்த நெல்லி மரம் எங்கே இருக்கிறதென்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்: "எங்க கிணத்து மேட்டுலதான் இருக்குதுங்க ஐயா!"